அண்ணனுக்கு எட்டு, எனக்கு ஐந்து

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் ஒனோதெரா அம்மையார் அவர்களே! தலையில் தழும்பும் முகத்தில் சிரிப்புமாக முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தே கால் வீங்கிய தாய்மார்களே! ஆப்பிள் பறிப்பை அரைநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஹிரோசாகிப் பெருமக்களே! சோமா கன்ஸோவின் பணிவான வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், பறிப்பு நடந்துகொண்டிருந்த ஒரு நண்பகலில், சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்த என் தந்தையார் தலையைப் பிடித்தபடி சாய்ந்தார். மாலைக்குள் போய்விட்டார். மூளையில் ரத்தக்குழாய்க் குமிழ் வெடித்துவிட்டது என்றார்கள். ரத்த உறவுக்கும் இருக்கலாம் என்றதால் அண்ணன் தோகுஜியும் நானும் படம் எடுத்துப் பார்த்தோம். இருவர் தலையிலும் இருந்தது! அண்ணனுக்கு எட்டு மில்லிமீட்டர். எனக்கு ஐந்து.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கு ராஜ மரியாதை? எட்டுக்குத்தான்! மீனில் நல்ல துண்டு யாருக்கு? எட்டுக்கு! ஏணி ஏறியது யார்? இந்த ஐந்து! சிரிக்கிறீர்கள், அண்ணி மிட்சுயேவும் சிரிக்கிறார். பரிமாறியதே அவர்தானே!

இரண்டு வாரம் கழித்து, இதோ வீற்றிருக்கும் இந்த அம்மையார் எங்களை அழைத்தார். அறுவை சிகிச்சை எனக்குத்தான் என்றார். அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"டாக்டர், படத்தை மாத்திப் பாத்துட்டீங்களா? பெரிசு என்னோடது."

"பெரிசுதான். ஆனா அது மூளை உறைக்கு வெளிய, எலும்ப ஒட்டி உக்காந்திருக்கு. லேசுல வெடிக்காது. தம்பியோடது முன்பக்கம் ரெண்டு குழாயையும் சேக்குற பாலத்துல இருக்கு. ரத்தம் வந்து மோதுற இடம். மேல ஒரு மொட்டு வேற விட்டிருக்கு. அளவ மட்டும் பாக்கக் கூடாது, இடத்தயும் பாக்கணும்."

இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. அந்த இடத்தை அடையும் வழியில் மோப்ப நரம்பு இருக்கிறது. வாசனை போனாலும் போகலாம் என்றார். ஆப்பிள்காரனுக்கு வாசனை இல்லாமலா? மாட்டேன் என்று வந்துவிட்டேன். மூன்று நாள் ஏணியிலேயே கிடந்தேன். நான்காம் நாள் அண்ணன் தோட்டத்துக்கு வந்து என் ஏணியைப் பிடுங்கினார்.

"மணம் தெரியாதவன் இங்க என்னண்ணே பண்ணுவான்?"

"செத்தவனுக்கு மட்டும் தெரியுதா? அப்பாவ ஒருதடவ தூக்கியாச்சு. உன்னையும் தூக்க என் தோள்ல தெம்பு இல்லடா. போய்ப் படு."

போய்ப் படுத்தேன். பிழைத்தேன். வாசனை போயிற்று.

மறு இலையுதிர் காலத்தில் அண்ணன் முதல் பழத்தை வெட்டி என் மூக்கருகே நீட்டினார். ஒன்றுமில்லை. தலையாட்டினேன். அவர் வருந்தவில்லை, தாமே முகர்ந்து பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "மழ நின்ன புல்லு மாதிரி இருக்கு. பின்னால கொஞ்சம் தேனு." ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு வகைக்கும், இப்படியே சொன்னார். அந்தக் குரல் வழியாகத்தான் இருபத்தைந்து பறிப்புகளை நான் முகர்ந்தேன்!

அந்த எட்டு, எட்டாகவே இருந்தது. போன குளிர்காலத்தில் எண்பத்து மூன்றாம் வயதில் நுரையீரல் காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோயிற்று, குமிழ் அல்ல.

பெருமக்களே! சிறியது என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பெரியது என்று நடுங்கிச் சாகாதீர்கள். எவ்வளவு என்று கேளுங்கள். எங்கே என்றும் கேளுங்கள்! குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவரும் கேளுங்கள்! அன்று நாங்கள் கேட்காதிருந்தால், இன்று இங்கே நிற்பவன் யார்?

நேற்று இந்தப் பருவத்தின் முதல் பழத்தை நானே வெட்டினேன். கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அண்ணி வந்து வாங்கி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"உங்கண்ணன் மாதிரி எனக்குச் சொல்ல வராது தம்பி. நல்லா இருக்கு."

எனக்கு அது போதுமாக இருந்தது. செவி கொடுத்த உங்களுக்கும், உயிர் கொடுத்த அம்மையாருக்கும் தலை தாழ்ந்த நன்றி. பழம் காத்திருக்கிறது, போய்வருகிறேன். வணக்கம்.