மிதக்கும் மீனை ஆழத்துக்கு அனுப்பும் விதம்

பெரிய மீனைப் பிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. திரும்ப விடுவதுதான் கஷ்டம். இதைச் சொன்னால் தூண்டில் தொடாதவர்கள் சிரிப்பார்கள். தண்ணீரில் போட்டால் போய்விடாதா என்பார்கள். குளிர்காலத்தில் போகாது. கையை விட்டதும் பக்கவாட்டில் சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு தக்கை மாதிரி மிதக்கும். தலையைக் கீழே குத்தி வாலை அடித்துப் பார்க்கும். ஒரு முழம் போகும், மறுபடி மேலே வந்துவிடும். வியாழக்கிழமை காலை எனக்கு வந்த பிரச்சினை இதுதான். மீனுக்குக் காயம் இல்லை, உயிர் இருக்கிறது, ஆனால் கீழே போக முடியவில்லை. என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

காபிக்கு நன்றி, டெபுடி ஷெரிஃப். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. ராய்ஸ் எப்படிச் செத்தான் என்று நீங்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள். பேன்ட் ஜிப் திறந்திருந்தது. படகு ஓரத்தில் நின்று ஒன்றுக்குப் போகும்போது தவறி விழுந்துவிட்டான். நம் ஏரியில் நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். என்னிடம் நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பவும் தயாராகிவிட்டீர்கள். ஆனால் அந்த விளக்கம் பாதிதான் சரி. பாதி சரியான விளக்கம் எனக்குத் தொண்டையில் மாட்டிய முள் மாதிரி. முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ராய்ஸ் என் மனைவி வெர்னாவின் அண்ணன். நல்ல ஆள். சர்ச் விருந்தென்றால் பன்றியைச் சுடும் வேலையை அவனிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம். என் படகில் அவன் வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பெரிய மீன் யார் பிடித்தாலும் தண்ணீருக்குத் திரும்பப் போகும். பெரிய பெருவாய் பாஸ் மீனெல்லாம் பெண். முட்டை அதனிடம்தான் இருக்கிறது. ராய்ஸ் இதற்கு ஒப்புக்கொண்டுதான் வேகவைத்த வேர்க்கடலைப் பையோடு ஏறினான்.

அணை கட்டியபோது மூழ்கிய ஓடையின் பழைய கரை ஒன்று ஏரிக்கு அடியில் இருக்கிறது. நாற்பதடி ஆழம். குளிரில் பெரியவை அதன் விளிம்பில் அசையாமல் நிற்கும். ராய்ஸ் கரண்டி மாதிரி பளபளக்கும் ஈயப் பொய்யிரையை நேராகக் கீழே இறக்கி இரண்டு சுண்டு சுண்டினான். கோல் வளைந்தது. அவன் கத்தியதில் அக்கரை வாத்தெல்லாம் எழுந்தன.

"மாப்ள, வலையை எடு! இது மீன் இல்லடா, கன்னுக்குட்டி!"

பதின்மூன்று பவுண்டு. நான் என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ராய்ஸ் அவளைத் தாடையில் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு பல்லைக் காட்டினான்.

"மச்சான், அப்படித் தொங்கவிடாத. தாடை கழண்டுடும். வயித்துக்கு அடியில ஒரு கை குடு."

"தொட்டில் கட்டித் தாலாட்டும் பாடவா?"

நீளம் அளந்தோம், சுற்றளவு அளந்தோம், படம் எடுத்தோம். இந்த மூன்றும் இருந்தால் போதும், அச்சு அசலாக அதே மீனை ஃபைபரில் செய்து தருவார்கள், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். பிறகு நான் படகின் முன்தட்டில் மண்டியிட்டு அவளைத் தண்ணீரில் விட்டேன். அப்போதுதான் மிதந்தாள்.

காரணம் எளிமையானது. மீனின் வயிற்றில் ஒரு காற்றுப் பை இருக்கிறது. நாற்பதடி ஆழத்தில் மேலே உள்ள தண்ணீர் அதை அழுத்திச் சின்னதாக வைத்திருக்கும். மேலே தூக்கினால் அழுத்தம் போய்விடும், பை ஊதிவிடும். சில மீன்கள் ஏப்பம் விடுவதுபோல வாய்வழியே காற்றை வெளியேற்றும். பாஸுக்கு அந்த வழி கிடையாது. காற்று ரத்தத்தில் கரைந்துதான் போக வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் வெயிலோ கழுகோ கதையை முடித்துவிடும். ஆகவே மெல்லிய ஊசி ஒன்றை, துடுப்புக்குக் கீழே சரியான செதிலுக்கு அடியில் செருகினால், தண்ணீருக்குள் குமிழி குமிழியாகக் காற்று வரும். மீன் நிமிரும். அந்த ஊசி என்னிடம் சின்ன டப்பாவில் எப்போதும் இருக்கும்.

ராய்ஸ் அந்த டப்பாவை எடுத்துக் கையில் உருட்டினான்.

"பாரு மாப்ள, அவளுக்கே போக மனசில்ல. என்கூட வர்றேங்குறா. எங்க வீட்டுல குளிர்காயுற அடுப்புக்கு மேல மான் தலை தனியா இருக்கு, அதுக்கும் ஒரு துணை வேணாமா?"

"ஃபைபர்ல செஞ்சு மாட்டு."

"ஃபைபர் மீன மாட்டுறவன், பொண்டாட்டி போட்டோவக் கட்டிப்புடிச்சுத் தூங்குறவன்."

"மச்சான், டப்பாவக் குடு."

"செத்தா நான் எடுத்துப்பேன். அது உன் சட்டத்துல இல்லையே? சாகட்டும், காத்திருக்கேன்."

சொல்லிவிட்டு டப்பாவை ஏரிக்குள் வீசினான். கோபமாக இல்லை, பந்து போடுவதுபோல ஜாலியாகத்தான் வீசினான். பிறகு கடலைத் தோலைத் துப்பியபடி பின்பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்று ஜிப்பைத் திறந்தான். பெரிய மோட்டாரை நிறுத்தியதும் மிதவைச் சட்டையைக் கழற்றிப் போடுவது நம் எல்லோருக்கும் வழக்கம். அவனுடையது இருக்கையில் கிடந்தது. நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள், டெபுடி, மறுக்காதீர்கள்.

இப்போது மோட்டார். படகின் மூக்கில் மின்மோட்டார் ஒன்று இருக்கிறது, காலால் மிதித்து ஓட்டுவது. மிதி என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. வேகத் திருகை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு இழுக்கும். நான் கடைசிவரை திருப்பிவிட்டு, முழங்காலை மிதியில் வைத்தேன். படகு சட்டென்று முன்னால் போனது. பின்னால் நிற்பவன் நின்ற இடத்திலேயே இருப்பான், அவன் காலுக்குக் கீழிருந்து படகு மட்டும் போய்விடும். நான் அவனைத் தொடவே இல்லை. மீனுக்கும் அது நல்லது, வாய்வழியே புதுத் தண்ணீர் புகுந்து செவுள்வழியே போகும். யோசித்துச் செய்தேனா என்று கேட்பீர்கள். ஆமாம், யோசித்தேன். மற்றபடி எப்போதும் மெதுவாகத்தான் கிளப்புவேன்.

ராய்ஸ் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டினான். மோட்டாரை நிறுத்தினேன். நாலு கை போட்டுப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, கை குடு. கை குடுடா."

"இரு மச்சான், இவள நிமித்திட்டு வர்றேன்."

உண்மையாகவே அதில்தான் இருந்தேன். தாடையை ஒரு கையில் பிடித்து, வயிற்றை மறு கையில் தாங்கி நிறுத்திவைக்க வேண்டும். இரண்டு கையும் அவளிடம் இருந்தன. ராய்ஸ் ஏதோ தமாஷ் சொல்ல வந்தான், பல் கிட்டித்துக்கொண்டது. விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின.

பூட்ஸில் தண்ணீர் நிறைந்து ஆளைக் கீழே இழுத்துவிடும் என்பார்கள். தப்பு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. கொல்வது குளிர். முதலில் மூச்சு வாங்கவைக்கும், பிறகு கைகளைப் பிடுங்கிக்கொள்ளும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சு வாங்கினால் நெஞ்சில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறையும். மனிதன் மிதப்பதும் மீன் மிதப்பதும் ஒரே காரணத்தால்தான், உள்ளே இருக்கும் காற்று. ராய்ஸிடம் இப்போது அது இல்லை. அவன் மெதுவாக, ஆனால் உறுதியாக, மூழ்கும் பொருளாகியிருந்தான். நான் ஒரு கையை மீனிடமிருந்து எடுத்து அவன் காலரைப் பிடித்தபோது கொஞ்ச எடைதான் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. காற்றை வெளியே எடுக்க முடியாவிட்டால், மீனை மறுபடி ஆழத்துக்குக் கொண்டுபோனால் போதும். அங்கே தண்ணீரே பையை அழுத்திச் சின்னதாக்கிவிடும். அவள் தானாக நீந்துவாள். தேவை ஒரு கனம். பாஸ் படகில் நங்கூரம் வைப்பதில்லை, மின்மோட்டாரே நிறுத்திவைக்கும். எங்கள் ஈயமெல்லாம் விரல் நுனி அளவு.

காலரை முழங்காலால் படகு விளிம்போடு அழுத்திக்கொண்டு, ஒரு தூண்டில் கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கினேன். அதன் காதில் கயிறு கட்டி ராய்ஸின் பெல்ட்டில் முடிந்தேன். கொக்கியின் வளைவில் என் தூண்டில் கோலின் நூலைக் கட்டினேன். கொக்கியைத் தலைகீழாக அவள் கீழுதட்டில் மாட்டிவிட்டுக் காலரை விட்டேன். கனம் கீழே இழுக்கும்வரை கொக்கி மாட்டியே இருக்கும். நூலை மேலே சுண்டினால் வழுக்கிக் கழன்றுவிடும். அவன் இடுப்பில் தொங்கிய கொக்கியையும் நூலையும், விழும்போது சிக்கியது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நான்தான் பிறகு நூலை வெட்டிவிட்டேன்.

தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டும் ஆழமானித் திரையில் ஒரு தடித்த கோடும் ஒரு மெல்லிய கோடும் சேர்ந்து இறங்கின. ஓடைக்கரை விளிம்பு வந்ததும் சுண்டினேன். மெல்லிய கோடு பிரிந்து தனியாகப் போனது. இவ்வளவு திருத்தமாக ஒரு மீனை நான் விட்டதில்லை. வெர்னாவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

பின்பெட்டியில் மோட்டாருக்கு மாற்று விசிறி ஒன்று இருந்ததே, எஃகில், அதைக் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் ஞாபகம் வந்தது. ஆனால் அது புதிது.

ஆகவே, ஊசி கையில் இல்லாதபோது வழி இதுதான்: முள் நசுக்கிய கொக்கி, மேலே ஒரு நூல், கீழே மிதக்காத ஏதாவது ஒரு கனம். ராய்ஸ் போதுமானவனாக இருந்தான். அரை மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன், அவள் மேலே வரவில்லை.