காத்தடிக்கிற கரை

அந்தப் பக்கம் போறதா இல்ல தம்பி. கையை நீட்டி நீட்டிக் காட்டாத, எனக்கும் கண்ணு தெரியுது. அங்க தண்ணி ஆடாம அசையாம கெடக்கு, மூணு போட்டு நிக்குது, எல்லாம் சரி. அது வெர்லின்னு இன்னொரு கைடு, அவனோட கூட்டம். காத்து கொஞ்சம் வேகமா வீசினாப் போதும், கோழிக் குஞ்சு மாதிரி அந்த வளைவுக்குள்ள போய் ஒதுங்கிருவானுங்க. ஃபிளாஸ்க்குல காப்பி, காசு குடுத்து வந்தவனுக்கு நாலு பழைய கதை. மத்தியானம் வரைக்கும் உக்காத்தி வச்சிட்டு, இன்னைக்கு மீனுக்கு மனசே இல்லைங்கன்னு சொல்லிக் கரையேத்தி விட்ருவானுங்க. இதுக்குப் பேரு கைடு வேலை.

நீ மீன் பிடிக்க வந்தியா, காப்பி குடிக்க வந்தியா? ஆங். அப்ப காத்தடிக்கிற கரையிலதான் இருக்கணும். காத்து தள்ளுற பக்கம் பொடி மீனெல்லாம் வந்து ஒதுங்கும். மேல அலை பொரண்டா அடியில வெளிச்சம் கம்மியாயிரும். நீ தேடி வந்த வால்ஐ மீனுக்கு வெளிச்சம் ஆகாது. அதோட கண்ணப் பாத்திருக்கேல்ல, கோலிக்குண்டு மாதிரி இருக்கும். வெளிச்சம் மங்குனாத்தான் அதுக்குத் தெம்பு வந்து மேயக் கெளம்பும். இந்த டாமரக் ஏரிக்கரையில பொறந்த நாய்க்குட்டிக்குக்கூட இது தெரியும். வெர்லினுக்கும் தெரியும். ஆனா குளிருமே, பாவம்.

என்ன, மூஞ்சி வெளுக்குது? வாந்தி வந்தா காத்துப் போற பக்கமா எடு, என் மேல எடுத்துறாத. கால் ரெண்டுக்கும் நடுவுல பாக்காத, தூரத்துல கரையைப் பாரு. அந்த கிளவுஸைக் கழட்டு மொதல்ல. கடைக்காரன் உன் தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான். அதைப் போட்டுக்கிட்டு மீன் தட்டுறது எப்படித் தெரியும் உனக்கு? மாடு வந்து இழுத்தாலும் தெரியாது. வெறும் வெரலு நூலு மேல இருக்கணும். தூண்டி நுனியில ஐஸ் கட்டிருச்சு பாரு, தண்ணியில முக்கி எடு, கரைஞ்சிரும். நவம்பர் மாசத்துல மீன் பிடிக்கணும்னு ஆசப்பட்டா நாலு வெரலு மரத்துப் போகத்தான் செய்யும்.

ஐயய்யோ, அதை மறுபடி சொல்லாத. போட்டு எறக்குற எடத்துல ஒரு தடவை வருத்தம் தெரிவிச்சியே, அது போதும். ஊரே தெரிவிச்சுருச்சு. எங்க வீட்டு ஃபிரிட்ஜைத் தொறந்தா, சர்ச்சு பொம்பளைங்க ஆளாளுக்குக் கொண்டாந்து வச்ச நூடுல்ஸும் கறியும் போட்டு அடுப்புல வாட்டுன சாப்பாடுதான். பாத்திரத்துக்கு அடியில அவங்கவங்க பேரை எழுதி ஒட்டியிருக்காளுங்க. மனுஷன் போனா என்ன, பாத்திரம் திரும்பி வந்தாகணும்ல. இன்னும் திறந்துகூடப் பாக்கல நான். பாஸ்டர் என்னடான்னா வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து, மார்லிஸ், ஒரு வெறும் சவப்பெட்டியை வச்சாவது பிரார்த்தனை பண்ணிரலாமேங்கிறாரு. வெறும் பெட்டிக்கு என்னத்துக்குய்யா பிரார்த்தனைன்னு கேட்டேன்.

நீ யார்கிட்ட புக் பண்ணன்னு எனக்குத் தெரியும். எம் புருஷன், ரெய்னோ காங்கஸ். டாமரக் ஏரியோட ராஜா. ரோட்டுல போர்டு பாத்திருப்பியே, கையில பெரிய மீனைப் பிடிச்சுக்கிட்டுப் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பாரு. அந்த மீனைப் பிடிச்சது நான். நெசமாத்தான். அந்த ஆளு அன்னைக்குப் பல்லுவலின்னு போட்டுல படுத்துக் கெடந்தாரு. கரைக்கு வந்ததும் கேமராவைப் பாத்தாரோ இல்லையோ, பல்லுவலி பறந்து போச்சு, மீனு கை மாறிருச்சு. நான் வாயைத் தொறந்தேன். நீ சும்மா இரு மார்லிஸ், போர்டுக்கு எம் மூஞ்சிதான் எடுப்பா இருக்கும்னாரு. கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து இந்த நீ சும்மா இரு மார்லிஸைக் கேட்டுக் கேட்டு என் காதே காச்சுப் போச்சு.

தட்டுதா? இல்ல, அது பாறை. ஈயம் பாறையில படுது. ஒரு சாண் தூக்கிப் பிடி. தூக்கு, எறக்கு, தூக்கு, எறக்கு, அவ்வளவுதான். மாவாட்டுற மாதிரி ஆட்டாத.

பயமா இருக்கா? அலை இவ்வளவு வருதேன்னு பாக்குறியா? போட்டோட மூக்கு காத்துக்கு நேரா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. மோட்டார் கைப்பிடி என் கையில இருக்கு, நான் பாத்துக்குறேன். போட்டு அடி ஓட்டைக்கு மூடி போட்டிருக்கான்னா? அட, வெர்லின் அதையும் உனக்கு ஓதிட்டானா? மூடியிருக்கேன். மூணு தடவை திருகிப் பாத்துட்டேன். வேணும்னா கைய விட்டுப் பாத்துக்க.

உங்க ஊருல எப்படியோ தெரியல. இங்க சட்டம் என்னன்னா, ஏரியை விட்டுப் போட்டை ஏத்தினா, அடியில இருக்கிற மூடியைக் கழட்டி, உள்ள இருக்கிற தண்ணியைப் பூராவும் வடிச்சுட்டுத்தான் ரோட்டுல இழுத்துட்டுப் போகணும். ஒரு ஏரியில இருக்கிற பொடிச் சிப்பி இன்னொரு ஏரிக்குப் போயிரக் கூடாதாம். நல்ல சட்டம்தான். அதனால ஊருல இருக்கிற ஒவ்வொரு போட்டும் அடியில ஓட்டையோடதான் வீட்டுல நிக்கும். காலையில தண்ணியில எறக்குறதுக்கு முன்னாடி மூடியை எடுத்துத் திருகணும். பல்லு விளக்குற மாதிரி, யாரும் யோசிச்சுச் செய்யற காரியம் இல்ல.

எங்க ராஜா, முங்குன அன்னைக்கு அதைத் திருகல. ஏன் திருகலன்னு கேளு. போட்டு எறக்குற எடத்துல வெர்லின் நின்னானாம். நமக்கு அடியில தண்ணிக்குள்ள கெடக்கிற இந்தப் பாறைத் திட்டுக்கு யாரு மொதல்ல போறதுன்னு ரெண்டு கெழடும் மல்லுக்கு நின்னிருக்கு. ரெண்டு பேருக்கும் பேரப்புள்ளைங்க இருக்கு. ஸ்கூல் பசங்க பஸ்ஸுல ஜன்னல் சீட்டுக்கு அடிச்சுக்குமே, அந்த மாதிரி. அந்த வேகத்துல இவரு சடார்னு போட்டை எறக்கிக் கெளம்பிட்டாரு. போட்டு வேகமாப் போற வரைக்கும் அடி ஓட்டை வழியா தண்ணி வராது. வெளியதான் உறிஞ்சும். நின்னாத்தான் வரும். அதனால திட்டு வரைக்கும் ராஜா ஜம்முனு வந்து சேந்துட்டாரு. ஜெயிச்சுட்டாரு. அப்புறம் நிறுத்தி, பின்பக்கத்தை அலைக்குக் காட்டி, பின்னாலயே மெல்ல மெல்ல ஓட்டி மீன் பிடிக்கிறது இவரோட பெரிய வித்தை. கீழ ஓட்டையில வர்றது பத்தாதுன்னு மேலயும் அலை ஏறி அடிச்சிருக்கும். நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

லைஃப் ஜாக்கெட்டா? இருந்துச்சு. நல்ல ஜாக்கெட்டு, பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் குடுத்தது. வர்றவனெல்லாம் அதைப் போடாம போட்டுல கால் வைக்கக் கூடாதுன்னு வாய் கிழியக் கத்துவாரு. தான் மட்டும் அதை மடிச்சுக் குண்டிக்கு அடியில போட்டு உக்காந்துக்குவாரு. மெத்துனு இருக்காம். ஊருக்குத்தான் உபதேசம்.

போட்டு கெடச்சுது. முங்கின வாக்குல மூக்கை மட்டும் நீட்டிக்கிட்டு காத்து தள்ளிக்கிட்டுப் போன கரையில போய் ஒதுங்கி நின்னுச்சு. ஆளு கெடைக்கல. ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து பெரிய போட்டும் மெஷினுமா வந்து, போட்டு ஒதுங்கின எடத்தைச் சுத்திச் சுத்தித் தேடுனாங்க. எவனோ போன குளிருக்கு ஐஸ்ல விட்ட மீன்பிடிக் குடிசை ஒண்ணு கெடச்சுது. திருடு போச்சுன்னு வெர்லின் கம்ப்ளெயின்ட் குடுத்த பனி ஸ்கூட்டர் ஏரிக்கு அடியில கெடச்சுது. ஆமா, அது ஒண்ணுதான் இந்தச் சனியன் பிடிச்ச மாசத்துல நான் சிரிச்சது. அப்புறம் காத்து ஜாஸ்தியாச்சு, அவங்களும் கெளம்பிட்டாங்க. இனி ஐஸ் உருகுனப்புறம்தானாம். ஏப்ரல் கடைசியில இல்லேன்னா மே மாசத்துல. இவ்வளவு குளிர்ந்த தண்ணியில மனுஷ உடம்பு மெதந்து மேல வராது, அடியிலயேதான் கெடக்கும்னு அந்தத் துணை ஷெரிஃப் எனக்கு விளக்கம் வேற சொல்றான். அந்த வளைவுல பாரு, ஓரமா ஐஸ் ஏடு கட்ட ஆரம்பிச்சிருச்சு. காத்து நின்ன அன்னைக்கு ராத்திரி ஏரி பூரா பூட்டிக்கும். காத்து அடிக்கிறதாலதான் இன்னும் தொறந்து கெடக்கு.

ஏய், ஏய், இழுக்குது பாரு. சுத்து. நூலைத் தளர விடாத. மேல வருதா? துள்ளுதா? அப்ப அது பாஸ்னு வேற மீனு. வால்ஐ துள்ளாது, தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு கனமா வரும். ம், பாஸ்தான். ரெண்டு கை நீளத்துக்கு வாயப் பொளக்காத, சின்னதுதான் அது. முள்ளைக் கழட்டிட்டு விட்டுரு. இந்த மீனை இப்ப வச்சுக்கச் சட்டம் இல்ல. போட்டோவா? சரி எடுத்துத் தொலை. உங்களுக்கெல்லாம் மீனு தின்ன வேணாம், கூட நின்னு போட்டோ எடுத்தாப் போதும்.

உன்ன மாதிரி புக் பண்ணவங்க எல்லாருக்கும் நான் போன் போட்டேன். இந்த மாதிரி, அவரு இல்ல, வர்றதா இருந்தா நானே கூட்டிட்டுப் போறேன்னேன். எல்லாரும் உச்சுக் கொட்டிட்டு, பரவாயில்லம்மா, முன்பணத்தை நீங்களே வச்சுக்கங்கன்னாங்க. நீ ஒருத்தன்தான், அப்ப மீனு கெடைக்குமான்னு கேட்ட. இல்ல இல்ல, தப்பா எடுத்துக்காத. எனக்கு அதுதான் பிடிச்சுது. உச்சுக் கொட்டாத ஆளு ஒருத்தன் தேவைப்பட்டான்.

இப்ப தட்டுச்சா? பாத்தேன், நுனி வளைஞ்சுது. அவசரப்படாத. ஒண்ணு, ரெண்டு, இப்பத் தூக்கு. ஆங். இது கனமா வருதுல்ல? தலையாட்டுதுல்ல? இதான் வால்ஐ. மெதுவா, மெதுவா. வலையை நான் விடுறேன், நீ குறுக்க வராத. அடடா, நல்ல மீனு. கண்ணப் பாரு. எடுத்து வச்சுக்க, ராத்திரிக்கு மாவு பெரட்டிப் பன்னிக் கொழுப்புல பொரிச்சுச் சாப்பிடு, உருளைக்கிழங்கு வச்சுக்க. சரி. உனக்குச் சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன்.

இல்ல, மறுபடி போடாத. சுருட்டு. பூராவும் சுருட்டி முள்ளைத் தண்டுல மாட்டிரு. சொல்றேன்ல. இனி போட்டு கொஞ்சம் பின்னால நகரும், பாறை முடிஞ்சு ஆழம் வரும், அங்க முள்ளு எறங்கக் கூடாது.

தண்ணிக்கு அடியில இருக்கிறதைக் காட்டுற இந்த ஸ்கிரீனைப் பாரு. மேடா ஏறி எறங்குதே, அது திட்டு. சிதறிக் கெடக்கிறது கல்லு. அப்புறம் வெறும் மண்ணு. அந்த மண்ணுல நீளமா ஒண்ணு, பக்கத்துல நெழலோட. மரமில்ல தம்பி. இந்தப் பக்கம் கரையில மரமே இல்ல, காத்து விட்டு வைக்கல. போட்டுதான் மெதந்து போகும், மனுஷன் விழுந்த எடத்துலதான் எறங்குவான். காத்து எந்தப் பக்கம்னு பாத்துக் கணக்குப் போட்டேன், நான் தேடுன ரெண்டாவது நாளே கெடச்சுட்டாரு. போன வாரம்.

யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும், தெரியும். தெனம் பொழுது சாயறதுக்கு முன்னாடி இந்தப் போட்டை எடுத்துட்டு வந்து, இங்கயே மோட்டாரைப் பிடிச்சுக்கிட்டு நின்னு திட்டுவேன். மூடியைப் பத்தித் திட்டுனேன், ஜாக்கெட்டைப் பத்தித் திட்டுனேன், அந்தப் போர்டு மீனைப் பத்தி ஒரு சாயங்காலம் பூரா திட்டுனேன். சும்மா இரு மார்லிஸ்னு ஒரு தடவைகூடச் சொல்லல. எங்க கல்யாண வாழ்க்கையிலயே நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்த மனுஷன் கேட்டது இப்பத்தான்.

நேத்து வந்து நின்னா திட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. தீந்து போச்சு. சும்மா நிக்க முடியாம, சமையக்கட்டுல கொழாய் ஒழுகுது, பெரியவளுக்குச் சளி பிடிச்சிருக்கு, உங்க நாய் ராத்திரி பூரா கதவுகிட்டயே படுத்துக் கெடக்குதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இருட்டுனதுகூடத் தெரியல. அப்பத்தான் எனக்கு பயம் வந்துச்சு. இப்படியே விட்டா ஐஸ் கட்டுனதும் நாற்காலியைக் கொண்டாந்து மேல போட்டு உக்காந்துருவேன். மே மாசம் வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.

நான் கண்டுபிடிச்சேன்னு சொன்னா எப்பன்னு கேப்பான் அந்த ஷெரிஃப் ஆளு. ஏன் சொல்லலன்னு கேப்பான். இதையெல்லாம் அவன்கிட்ட நான் சொல்ல முடியுமா? அதனால நீ மீனு பிடிக்க வந்த, ஸ்கிரீன்ல வித்தியாசமா ஏதோ தெரிஞ்சுது, அவ்வளவுதான். போனை எடு. இங்க சிக்னல் கெடைக்கும். பாறைத் திட்டுக்குத் தெக்கால, காத்தடிக்கிற பக்கம்னு சொல்லு, அவங்களுக்குப் புரியும். அவங்க வர்ற வரைக்கும் நான் எடம் மாறாம போட்டைப் பிடிச்சு நிப்பேன்னும் சொல்லு.

ரிங் போகுதா? நீயே பேசு தம்பி. அவர்கிட்ட பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு.