பத்தரைக்கு முன்னால் அவிழ்த்த கயிறு

இல்லைங்க மொதலாளி, வள்ளம் வாடகைக்குக் கேக்க வரல்லை. இந்த மழையில அதுக்கு விஸ்வேஸ்வரன் சாரு மாதிரி தைரியம் வேணும். ஒங்க வள்ளக்காரர் தங்கையாவை நிறுத்திட்டீங்களே, அவரைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லிக் கேக்கத்தான் வந்தேன். முதல்லயே சொல்லிடறேன், நான் அந்த வள்ளத்துல இல்லை. எல்லாம் தங்கையா சொல்லிக் கேட்டது.

சாரு மட்டாஞ்சேரியில ஹெட் கிளார்க்கு. ஒரு வாரம் லீவு. சம்சாரம் லோகாம்பாளோட ஒங்க வள்ளத்தை வாடகைக்கு எடுத்து ஆலப்புழைக் கால்வாயில ஊரு பாக்கப் போனாரு. மழையைத்தான் பாத்தாரு. ஓலைக் கூரை ஒழுகற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வெச்சு, கடைசியில சோறு வடிக்கப் பாத்திரமில்லையாம். சொகமான லீவு.

அன்னிக்கு வள்ளத்தைக் கட்டிட்டு தங்கையா சாயாக்கடைக்குப் போனாரு. சாரு தினக் காலண்டரைப் பாத்தாரு. ஆமாங்க, லீவுக்கும் காலண்டர் எடுத்துட்டுப் போறவரு. வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். மணி பத்து இருபத்தஞ்சு. அவரே கயிறை அவிழ்த்துட்டாரு. நல்ல நேரத்துல வள்ளம் கெளம்பிடுச்சு. வள்ளக்காரர் மட்டும் கரையில.

"ஏன்னா, வள்ளத்தை ஓட்டறது யாரு?"ன்னு அந்தம்மா கேட்டப்பறந்தான் சாருக்கே தோணியிருக்கு. மூங்கில் கழியை எடுத்து ஊனினாரு. கழி சேத்துல நின்னுடுச்சு, சாரு வள்ளத்தோட போயிட்டாரு. பாலத்துத் தூண்ல முட்டி முனை பொளந்ததும், தங்கையா நீந்திப் போய்க் கரை சேத்தாரு.

தெரியுங்க. ராகு காலம் வர்ற நேரத்துல சாயாக்கடையில என்ன வேலைன்னு சாரு கேட்டாரு, நீங்களும் அதையேதான் கேக்கறீங்க.

சாயாவுக்குப் போகல்லைங்க. அன்னிக்குப் பேப்பர்ல பி.ஏ. ரிசல்ட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. கடைக்காரர்கிட்ட ஒரு நம்பரைக் குடுத்துப் பாக்கச் சொல்லியிருக்காரு. என் நம்பருதான். இவ்வளவு நேரம் அப்பா பேரைச் சொல்லிப் பேசிட்டேன், கேட்டா திட்டுவாரு.

பாஸுங்க. எங்க வீட்ல நான்தான் மொதல்ல.

அந்தப் பேப்பரை ஈரத்தோட மடியில கட்டிக் கொண்டுவந்தாரு. நேத்துதான் அதோட மேல தேதியும் கெழமையும் போட்ட வரியைப் பாத்தேன். சந்தேகமாயிருந்துச்சு, லைப்ரரியில அதே நாள் பேப்பர் இன்னொண்ணையும் எடுத்து ஒத்துப் பாத்தேன். சாரோட காலண்டர்ல ஈரத்தாளு ரெண்டு ஒட்டி ஒண்ணாக் கிழிஞ்சிருக்கும். அது என் ஊகம், விட்டுடுங்க. இதைப் பாருங்க. அன்னிக்கு வியாழக்கிழமை. ராகு காலம் மத்தியானம் ஒண்ணரைக்கு.