திருப்பி வைத்த இரண்டு அடுக்கு

"காந்தத்துக்குள்ளயும் அலை அடிக்கும், தெரியுமா?"

மும்பையில், செம்பூர் போகும் ரயிலில் எதிரே இருந்த பெண் இப்படிச் சொன்னதும் ஃபோனை மடியில் கவிழ்த்துவிட்டேன். அவள் பக்கத்தில் இருந்தவன் அதுவரை, "மாமி, சௌக்கியமா இருக்கேளா?" என்று முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"உள்ள என்ன, தண்ணியா கெடக்கு?"

"குட்டிக் குட்டி காந்தமா இருக்கும். ஒண்ணு தலை சாஞ்சா பக்கத்துல இருக்கறதும் சாயும். அந்தச் சாய்வுதான் அலையா ஓடும்." வலைத் துப்பட்டாவை இரண்டாக மடித்து சன்னல் வெயிலில் பிடித்தாள். "ரெண்டு அடுக்கு. ஒரே சாமான்." மேல் மடிப்பை லேசாகத் திருப்பினாள். வலைக்குள் பெரிய வட்டங்கள் மிதந்தன.

"அரே! இது எங்கேருந்து வந்துச்சு?"

"திருப்பி வெச்சதுல வந்தது. காந்தத்தையும் இப்படி வெச்சா, ஓடற அலை சில இடத்துல தயங்கி நிக்கும். நேரா அடுக்கினா ஒண்ணும் கிடையாது."

அவன் வட்டங்களையே பார்த்தான். "நம்ம கல்யாணத்துக்கு உங்கம்மா ஒத்துக்கிடணுமே. உங்க வீட்டுல நான் எப்படிப் பேசணும்னு சொல்லுத?"

"தாராவியில உங்க வீட்டுல எப்படிப் பேசுவியோ, அப்படி. எங்காத்துப் பேச்சு உனக்கு வேண்டாம்."

திலக் நகர் தாண்டியதும் அவள் ஃபோன் அடித்தது. "அம்மா" என்று அவனிடமே நீட்டினாள்.

"அத்தை, நல்லா இருக்கியளா?"

பதில் வரும்வரை துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"காப்பியா? குடிப்பேன் அத்தை. சீனி கொஞ்சம் போதும்."