முத்துமாரியம்மாள் எடுத்து வந்த பை

— நிப்பாட்டாதட்டி, ஜெயா. அடுத்த தீப்பெட்டிய எடு. நீ நிப்பாட்டுனா எரிச்சல் தெரியுது.

— போதும்மா. காலையில இருந்து பன்னெண்டு வார்த்தை ஆச்சு. கொஞ்சம் தூங்கு.

— தூங்குறதுக்கா தீக்குள்ள போயி அந்தப் பைய எடுத்துட்டு வந்தேன்? ஏலே பிரின்ஸ்டன், நீயாச்சும் ஒரு பெட்டிய எடுத்து அவ கையில குடு.

— இந்தா குடுத்துட்டேன் சித்தி. என்னையப் படிக்க மட்டும் சொல்லாதீய. ஏழு தடவை பேங்க் பரீட்சை எழுதி, ஏழு தடவையும் பெஞ்சத் தொடச்சுட்டு வந்தவன். என் ராசி ஜெயாவுக்கு ஒட்டிக்கிடும்.

— நீ பேசு. நீ பேசுனா இந்த ஆஸ்பத்திரி நாத்தம் கொஞ்சம் கொறையுது.

— கர்த்தர் சாட்சியா, என்னைய யாரும் இப்படிப் பாராட்டுனதே இல்ல. பினாயிலுக்குச் சமமா வச்சுட்டீய.

— சிரிக்க வைக்காதலே, மொகம் இழுக்குது. ஜெயா, அது என்ன வார்த்தை?

— ஸ்டோயிசிசம்.

— மேல்பெட்டியில இங்கிலீஸ் வார்த்தை, அடிப்பெட்டிக்குள்ள தாள்ல தமிழ் அர்த்தம். அப்படித்தான எழுதி வச்சிருக்க? தொறந்து பாத்துச் சொல்லு.

— தொறந்துட்டேம்மா. 'இன்பமோ துன்பமோ, எது வந்தாலும் கலங்காம, மொகத்துல காட்டாம ஏத்துக்கிடணும்.' கிரேக்க நாட்டுல உண்டான தத்துவம்.

— இதுக்கு எதுக்குக் கிரேக்கம் வரைக்கும் போகணும்? நம்ம தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி ஒட்டுற பொம்பளைக அம்புட்டுப் பேரும் அந்தக் கட்சிதான்.

— நீங்கதான் மகளிர் அணிச் செயலாளர் சித்தி.

— சும்மா கெட. அடுத்தது?

— ஹெடோனிசம். 'சந்தோசந்தான் வாழ்க்கையோட லட்சியம். மனுசன் எதச் செஞ்சாலும் அதுக்காகத்தான் செய்யணும்.'

— அப்படியும் ஒரு கட்சி இருக்கா? ஆள் சேக்கும்போது நம்ம வீட்டுப் பக்கம் யாரும் வரலையே.

— நாகலாபுரத்துல இருந்து நம்ம கோவில்பட்டி வரைக்கும் அந்தக் கட்சிக்குக் கிளை கெடையாது சித்தி. மழை பேஞ்சாத்தான் தொறப்பாவளாம்.

— அப்பத் தொறந்த மாதிரிதான். அந்த ஜன்னலச் சாத்துலே, புழுதி வந்து கண்ணுக் கட்டுல ஒட்டுது. நீ படி ஜெயா.

— நிஹிலிசம். 'எதுக்கும் அர்த்தமில்ல, எதுவும் பெருசில்லன்னு நெனைக்கிறது.'

— இதுல நான் ஒரு மாசம் இருந்தேன் சித்தி. ரெண்டாயிரமாவது வருசம் பொறந்ததும் உலகம் அழியும்னு நம்ம தெருவுல ஒருத்தர் சொன்னாரு. பெறகு எதுக்குப் படிக்கணும்னு புஸ்தகத்த மூடி வச்சுட்டேன். உலகம் அங்கனயேதான் இருக்கு. மார்க்குதான் அழிஞ்சு போச்சு.

— இந்த வார்த்தைய மட்டும் நீ படிக்காதட்டி.

— பரீட்சையில வருமேம்மா.

— வந்தா எழுதிட்டுப் போ. மனசுல வைக்காத.

— சரி. ஃபேட்டலிசம். 'நடக்குறது நடந்தே தீரும், எல்லாம் விதி, மனுசன் செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல.'

— இது எனக்கு முன்னாலேயே தெரியும். தீப்பிடிச்ச மறுநாளு முதலாளி அனுப்புன ஆளு ஆரஞ்சுப் பழத்தோட வந்தாருல்லா, அவரு இதத்தான சொல்லிட்டுப் போனாரு.

— பழமும் புளிப்பு சித்தி. நான் தின்னு பாத்துட்டேன்.

— குச்சிக்கு மருந்து முக்குற ரூம்ல மணல் வாளிக்குள்ள மணல் இல்லாம வெத்தல எச்சி கெடந்துச்சே, அதுவும் விதியான்னு கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள கெளம்பிட்டாரு.

— விடும்மா. அதையெல்லாம் இப்ப நெனைக்காத.

— நெனைக்காம? எல்லாரும் வெளிய வந்துட்டோம். நானும் வந்துட்டேன். வந்து மூச்சு விடும்போதுதான் பை ஆணியில தொங்குறது நெனப்பு வந்துச்சு. நம்ம பிரின்ஸ்டன் சொல்லுவாம்லா, 'சித்தி, ஒங்க மகளோட ஆபீசர் வேலை இந்தப் பைக்குள்ளதான் இருக்கு, பை போச்சுன்னா வேலையும் போச்சு'ன்னு. அதுதான் காதுல கேட்டுச்சு. ஸ்டூலு நகருற சத்தம் கேக்குது, எங்கலே போற?

— இங்கனதான் இருக்கேன் சித்தி.

— நல்லதத்தான சொல்லியிருக்க. சிஸ்டர் போட்ட ஊசி இழுக்குது. செத்த நேரம் கெடக்கேன். நாளைக்குப் பேங்க் பரீட்சைக்கு மதுரை போக அஞ்சரை மணி பஸ்ஸு. அதுக்கு முன்னால எழுப்பிரு ஜெயா.

— சரிம்மா.

— ஜெயா, தூங்கிட்டாவளா?

— தூங்கிட்டா. மெதுவாப் பேசு பிரின்ஸ்டன்.

— இந்தப் பெட்டிய ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் குடுக்கேன். மேலயும் எழுத்து இல்ல, உள்ளயும் தாள் இல்ல.

— அடுப்புப் பத்த வைக்க அம்மா ஒதுக்கி வச்சிருந்த கழிவுப் பெட்டி. வேலைக்கு நடுவுல படிக்கக் கொண்டு போன நம்ம பையையும் இதையும் ஒரே ஆணியில மாட்டியிருந்தோம். புகைக்குள்ள கையில சிக்குனத எடுத்துட்டு வந்துட்டா. நம்ம எழுதுனது அங்கனயே சாம்பலாயிட்டு.

— நீ என்னன்னா வெறும் பெட்டியத் தொறந்து தொறந்து, பாத்துப் படிக்கிற மாதிரியே சொல்லுத.

— வேற என்ன செய்யச் சொல்லுத? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரும்போது அவ கேட்ட மொத வார்த்தையே 'பை பத்திரமாட்டி'ன்னுதான். பத்திரம்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம் படிச்சுக் காட்டித்தான ஆகணும்.

— நான் வெளையாட்டாத்தான் சொன்னேன் ஜெயா. வேலை, பைன்னு என்னமோ வாய்க்கு வந்தத.

— தெரியும்.

— ரெண்டு வார்த்தை திட்டவாச்சும் செய்யி.

— திட்டுனா ஒனக்கு லேசாயிரும். மாட்டேன்.

— சரி. டாக்டர் தனியாக் கூப்பிட்டாரே, என்ன சொன்னாரு?

— திங்கக்கெழம தாண்டுறது கஷ்டம்னாரு.

— கர்த்தரே.

— நான் பரீட்சைக்குப் போகல பிரின்ஸ்டன்.

— நான் சொல்லுறதக் கேளு. மதுரை பஸ் ஸ்டாண்டுல எங்க மதினி ஷைலா வந்து நிப்பாவ. அவிய வீட்டுல தங்கிட்டு, காலையில பரீட்சை எழுதிட்டு ஒடனே பஸ் ஏறுனா, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இங்கன வந்துரலாம்.

— அதுக்குள்ள அம்மா போயிட்டான்னா?

— பக்கத்துல நான் இருப்பேன்.

— ஒனக்கும் நாளைக்குத்தான பரீட்சை?

— எட்டாவது தடவை தோக்குறதுக்கு என்ன அவசரம்? பெஞ்சு எங்கயும் ஓடிப் போயிராது.

— என் அம்மாவுக்கு உசுரு போகும்போது நான் மதுரையில உக்காந்து, எவனோ சொன்ன தத்துவத்துக்கு டிக் போட்டுக்கிட்டு இருக்கணுமா? என்னால ஆகாது. வரமாட்டேன்னு ஒங்க மதினிக்குப் போன் போட்டுச் சொல்லிரு.

— அவிய முழிச்சுக் கேட்டா என்ன சொல்லுவ?

— இன்னும் பாதிப் பெட்டி படிக்கல, அடுத்த வருசம் எழுதுதேன்னு சொல்லுவேன்.

— ஜெயா.

— அம்மா, முழிச்சுட்டியா? தண்ணி வேணுமா?

— பஞ்சுல நனைச்சு ஒதட்டுல வையி. ம், போதும். இன்னும் ரெண்டே ரெண்டு பெட்டி.

— டிட்டர்மினிசம். 'எந்தக் காரியத்துக்கும் முன்னால ஒரு காரணம் இருக்கு. அந்தக் காரணத்துக்கும் முன்னால இன்னொரு காரணம் இருக்கு.'

— அப்படியே பின்னால போயிக்கிட்டே இருந்தா எங்க போயி நிக்கும்?

— என் வாயில வந்து நிக்கும் சித்தி.

— சும்மா கெடலே. ஒன் வாயி அம்புட்டுப் பெருசில்ல. கடைசிப் பெட்டிய எடு ஜெயா.

— எம்பிரிசிசம். 'கண்ணு, காது, மூக்கு, நாக்கு, கை. இது வழியா நாமளே அறிஞ்சதுதான் அறிவு. அடுத்தவங்க சொன்னதுக்காக ஒண்ண நம்பிரக் கூடாது.'

— இது நல்ல கட்சியா இருக்கே. மொகத்துல காட்டாம இருக்குற கட்சிய விட்டுட்டு நான் இதுல சேந்துக்கிடுதேன். மூணு நாள்ல மொத்தம் எத்தன பெட்டி ஆச்சு?

— நாப்பத்தொண்ணு.

— பிரின்ஸ்டன், மணி என்ன?

— நாலே முக்கால் சித்தி.

— அப்பக் கெளம்புட்டி ஜெயா. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போக நேரம் சரியா இருக்கும்.

— நான் போகலம்மா. இன்னும் பாதிப் பெட்டி படிக்கல. அரைகுறையாப் போனா தோத்துருவேன். அடுத்த வருசம் எழுதுதேன்.

— பெட்டியப் பாத்தாட்டி நீ படிச்ச?

— என்னம்மா சொல்லுத?

— எனக்குக் கண்ணத்தான் கட்டிப் போட்டிருக்காவ, காத இல்ல. டாக்டர் சொன்ன திங்கக்கெழமையும் கேட்டுச்சு.

— அம்மா.

— அழாத. முப்பது வருசம் பெட்டி ஒட்டுனவ நான். உள்ள தாள் கெடக்குற பெட்டிய இழுத்தா ஒரு சத்தம், வெறும் பெட்டிய இழுத்தா ஒரு சத்தம். மொதப் பெட்டிய நீ தொறக்கும்போதே தெரியும், நான் எடுத்துட்டு வந்தது அடுப்புப் பைதான்னு.

— பெறகு எதுக்கு சித்தி மூணு நாளா அவளப் படிக்கச் சொன்னீய?

— நாப்பத்தோரு பெட்டியிலயும் தாள் சத்தம் கேக்கல பிரின்ஸ்டன், ஒண்ணுல கூட எம்மக திக்கவும் இல்ல. பை அவ தலைக்குள்ள பத்திரமாத்தான் இருக்கு, பஸ் ஏத்தி விட்டுட்டு வா.