பின்னறைக் கதவு தட்டப்படாதது பற்றி

மேலே குறித்துள்ள பெயரும் தகப்பனார் பெயரும் என்னுடையவை. வயது ஐம்பத்து மூன்று. துறைமுகத்துக்குப் பின்பக்கத் தெருவில், கயிற்றுக் கடைக்கும் பூட்டு ரிப்பேர்காரர் கடைக்கும் நடுவில், பழைய பம்பு, குழாய், வால்வு வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். மாடியிலேயே குடியிருக்கிறேன். யாரும் வைத்துக் கொடுத்த கடை இல்லை, தள்ளுவண்டியில் ஆரம்பித்தது. போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களில் இயந்திரப் பிரிவு மாலுமியாக இருந்தேன். இந்த வழக்கில் புகார் கொடுத்திருப்பவர் என் உடன்பிறந்த அக்கா. இறந்துபோனவர் அவருடைய கணவர், என் மச்சான். குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் எங்களோடு ஒரே கப்பலில் இருந்தவர். நல்ல உயரம், கப்பலுக்குள் எங்கே போனாலும் கழுத்தை மடக்கிக்கொண்டே நடப்பார் என்பதால் கொக்கு என்று கூப்பிடுவோம். அவரோடு எனக்குப் பகையும் இல்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை.

உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும், பழைய சண்டையை மனதில் வைத்து, கொக்கு கப்பலின் பின்னறைக் கதவைச் சாத்தினார் என்றும், உள்ளே அகப்பட்ட நானும் மச்சானும் தட்டியும் திறக்கவில்லை என்றும், அதனால் மச்சான் இறந்தார் என்றும் புகாரில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என்னைக் கடற்படையில் சேர்த்துவிட்டது மச்சான்தான். அக்காவைக் கட்டுவதற்கு முன்பிருந்தே அவர் கப்பல் மெக்கானிக். நான் ஊரைச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "வா மாப்ளே, கடலுக்கு அடியில வேலை இருக்கு, மழையும் இல்ல வெயிலும் இல்ல" என்று கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போய்ப் பார்த்தால் நிமிர்ந்து நிற்க இடமில்லை, ஜன்னல் இல்லை, டீசலும் வியர்வையும் கலந்த ஒரு வாடை, அதைத்தான் மூச்சாக விட வேண்டும். குளியல் கிடையாது. தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் வெளியே போக வழி கிடையாது என்பதால் யார் மேலாவது கோபம் வந்தால் அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் கோபப்பட வேண்டும்.

கொக்குக்கும் மச்சானுக்கும் இருந்த சண்டை என்ன என்று கேட்டார்கள். எங்கள் கப்பலில் ஆளுக்கொரு படுக்கை கிடையாது. இரண்டு பேருக்கு ஒரு பலகை. ஒருவர் வேலைக்கு எழுந்து போனதும் அந்தச் சூட்டிலேயே இன்னொருவர் படுப்பார். கொக்கும் மச்சானும் ஒரே பலகைக்காரர்கள். மச்சானுக்குத் தலையில் எண்ணெய் வழிய வேண்டும். கொக்கு தலையணையைத் தூக்கிக் காட்டி, "இதைப் பிழிஞ்சா இன்ஜினே ஓடும்யா" என்பார். மச்சான், "நீ படுத்தா கால் அடுத்த அறையில இருக்கு, அங்க இருக்கறவன் வாடகை கேட்கறான்" என்பார். சமையல்காரர் உட்பட எல்லோரும் கேட்டுச் சிரித்த சண்டை அது. அந்தச் சமையல்காரர்தான் சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் அக்காவிடம், அவர்கள் இரண்டு பேருக்கும் ஆகாது, கதவைச் சாத்தியதும் கொக்குதான் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். புகார் வந்தது அதிலிருந்துதான்.

அடுத்து, சத்தம் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மேலே பகைவர் கப்பல் வந்தால் அது எங்களைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் தேடும். அதனால் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடப்போம். சமையல்காரர் கரண்டிக்குத் துணி சுற்றியிருப்பார். குறட்டை விடுகிறவன் மூக்கைப் பிடிக்க ஆள் உண்டு. இது நாளாக ஆக உடம்பில் ஊறிவிட்டது. லீவில் வீட்டுக்கு வந்தால் மச்சான் டம்ளரில் கரண்டி படாமல் டீயைக் கலக்குவார். அக்கா திரும்பிப் பார்த்துப் பதறி, "பூனை மாதிரி வந்து நிக்கிறீங்களே, ஒரு செருமல் செருமக் கூடாதா?" என்று சத்தம் போடுவார். அந்தப் பழக்கத்துக்கு ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். மூடிய கதவுக்கு உள்ளே அகப்பட்டவன் இரும்பால் கதவை இரண்டு தட்டுத் தட்டலாம். சாத்தியவன் கதவில் காதை வைத்துக் கேட்க வேண்டும். தட்டு வந்தால் திறந்து இழுத்துக்கொண்டு மறுபடி சாத்த வேண்டும். வராவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று கேப்டனுக்குச் சொல்லிவிட வேண்டும். வெளிச்சக்கரத்தை இறுக்கிய பிறகு உள்ளேயிருந்து திறக்க முடியாது.

சம்பவத்தன்று காலைச் சாப்பாடு முடிந்த சமயத்தில் பகைவர் கப்பல் எங்களைக் கண்டுகொண்டு வெடிப் பீப்பாய்களைத் தண்ணீருக்குள் போட ஆரம்பித்தது. அதற்குச் சற்று முன்புதான் எனக்கும் மச்சானுக்கும் வேலை முறை முடிந்திருந்தது. கொக்கு எழுந்து வந்து பலகையை மச்சானுக்கு விட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். முறை முடிந்தவர்கள் காற்றை மிச்சம் பிடிக்கப் படுத்துவிட வேண்டும், வெடி விழுந்தாலும் தூங்கப் பழகியிருந்தோம். மச்சான் போய்ப் படுக்கவில்லை. கப்பலைத் தள்ளும் விசிறியின் தண்டு வெளியே போகும் துவாரத்தில் தண்ணீர் வராமலிருக்கக் கொழுப்பில் ஊறிய கயிற்றைத் திணித்து, மேலே வளையம் போட்டு நட்டால் இறுக்கியிருப்பார்கள். வெடியின் அதிர்ச்சியில் அது தளர்ந்திருக்கும் என்று சந்தேகப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் பின்னறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். சொல்லாமல் போனது தப்பல்லவா என்று கேட்டார்கள். தப்புதான். ஆனால் பேசக் கூடாத நேரத்தில் யாரிடம் எப்படிச் சொல்வது? மாலுமிகள் எல்லோரும் அப்படித்தான் போவோம், வருவோம்.

நாங்கள் மோட்டாருக்குப் பின்னால் குனிந்திருந்தபோது அடுத்த வெடி மிக அருகில் வெடித்து விளக்குகள் அணைந்தன. அதன் பிறகு அந்தத் துவாரத்தின் அடைப்பு விட்டுக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்தது. அதன் பிறகு எல்லாக் கதவுகளையும் சாத்தும்படி உத்தரவாகி, பின்னறைக் கதவுக்குப் பொறுப்பாளரான கொக்கு அதைச் சாத்தி இறுக்கினார். இருட்டில், மோட்டாருக்கு அந்தப் பக்கம் இருந்த எங்களை அவர் பார்த்திருக்க முடியாது. நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிக் கதவருகே போய்க் கையை ஓங்கினேன். மச்சான் பின்னாலேயே வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த கப்பலின் சத்தம் நின்றிருந்தது. அது நிற்பதுதான் கெட்டது. நின்றால் காது கொடுத்துக் கேட்கிறான் என்று அர்த்தம்.

மச்சான் என் காதோடு காதாக, "தட்டாதே மாப்ளே. இப்பத் தட்டுனா எல்லாரும் போயிருவோம்" என்றார்.

"தட்டலாம்னு விதி இருக்கு மச்சான்."

"விதி போட்டவன் கரையில டீ குடிச்சிட்டு இருக்கான். கொஞ்சம் பொறு, மேல இருக்கறவன் போகட்டும்."

நான் இழுத்துப் பார்த்தேன், கையை விடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கொக்கு காதை வைத்துக்கொண்டு இருந்தார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அது வேலை, அவர் வேலையில் குறை வைக்கிறவர் இல்லை. நடுவில் இரண்டு விரல் கனம் இரும்புதான். பிறகு தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும், நட்டை இறுக்கினால் வரத்து குறையும் என்று சொல்லி மச்சான் ஸ்பானரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். இருந்தது அந்த ஒரு ஸ்பானர்தான். அவர் தண்ணீருக்குள் மூழ்கி நட்டை இறுக்கிவிட்டு மேலே வருவார், மூச்சு வாங்குவார், மறுபடி மூழ்குவார். வரத்து குறைந்தது, நிற்கவில்லை. மேலே இருந்தவனும் நகரவில்லை. தண்ணீர் மிகவும் குளிர்ச்சி. கூரைக்குக் கீழே எஞ்சியிருந்த காற்றில் நாங்கள் இருவரும் மூக்கை வைத்துக்கொண்டிருந்தபோது அவர் பல் கிட்டிப்போய், "உங்க அக்கா இந்தத் தலையைப் பார்த்தா, இப்பவாவது குளிச்சீங்களேம்பா" என்றார். அதன் பிறகு ஒருமுறை மூழ்கியவர் மேலே வரவில்லை. நான் காலால் துழாவிச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன், பேச்சு இல்லை. ஸ்பானர் அவர் கையில் இல்லை, அடியில் விழுந்திருந்தது.

அப்போது நீங்கள் தட்டினீர்களா என்று அரசு வக்கீல் கேட்டார். அதன் பிறகு உள்ளங்கையால் அடித்தேன். கதவின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருந்தது. சதையால் அடித்தால் அந்தக் கதவுக்குக் கொசு உட்கார்ந்த மாதிரி. கொக்குக்கு அது கேட்டிருக்க வழியில்லை. நான் இரும்பும் குழாயும் விற்கிறவன், எதில் எது பட்டால் எவ்வளவு சத்தம் வரும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பகைவர் கப்பல் போன பிறகு எங்கள் கப்பல் மேலே எழும்பியதும் பின்னறைத் தண்ணீரைப் பம்பால் இறைத்துவிட்டுக் கொக்குதான் கதவைத் திறந்தார். என் மடியில் மச்சான் கிடப்பதைப் பார்த்ததும், "இவரு பலகையில தூங்கறாருன்னு நினைச்சேன். எழுப்பிரக் கூடாதுன்னு அந்தப் பக்கமே மெல்ல நடந்தேனே" என்றார். பலகையில் போர்வை சுருண்டு கிடந்திருக்கிறது. அதன் பிறகு கரை சேரும் வரை அவர் அந்தப் பலகையில் படுக்கவில்லை, தரையில் உட்கார்ந்தே தூங்கினார்.

சென்ற வாரம் அக்கா என் கடைக்கு வந்து, வால்வு மூட்டைகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் கேட்டதை மறைக்காமல் சொல்கிறேன். இது அவருக்குப் பிடிக்காது என்றும் தெரியும்.

"தட்டினோம்னு சொல்லுடா. ஒரே ஒரு வார்த்தை."

"தட்டலைக்கா."

"தட்டியிருந்தா திறந்திருப்பானா?"

"திறந்திருப்பாரு. அப்பவே வந்திருப்போம்."

"அப்ப அவரு வேணும்னே உள்ள இருந்தாரா? கப்பல்ல இருந்தவனுங்கல்லாம் அவருக்கு யாருடா? நான் யாரு?"

அந்தக் கப்பலில் நானும் இருந்தேன், கொக்கும் இருந்தார் என்று மட்டும் சொன்னேன்.

"நீயாவது கையை உதறியிருக்கலாம்ல?"

இழுத்துப் பார்த்தேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டை உற்றுப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு போன் போட்டால் எடுப்பதில்லை. அவர் கேட்ட ஒரு வார்த்தையைச் சொன்னால் எனக்கு அக்கா கிடைப்பார், கொக்கு சிறைக்குப் போவார். சொல்லாவிட்டால் அக்காவுக்குத் தன் புருஷன் வீட்டுக்கு வரத்தான் பார்த்தார், எவனோ விடவில்லை என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் போகும். எனக்கு அந்தப் பக்கமும் கதவு, இந்தப் பக்கமும் கதவு. ஆனால் ஓட்டைக் குழாயைத் தேய்த்து மெருகு போட்டு நல்ல குழாய் என்று நான் விற்றதில்லை, இங்கேயும் விற்க மாட்டேன். கொக்கு எங்களைப் பூட்டி வைக்கவில்லை. கேட்க வேண்டிய அளவுக்குக் கேட்டார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இதுவரை எழுதியதை எழுத்தர் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அறைக் கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஓர் இடத்தில் எழுத்தர் நல்ல மனதோடு, அந்தச் சூழ்நிலையில் எங்களால் கதவைத் தட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தார். அப்படி இல்லை, முடிந்தது, என் கையில் ஸ்பானர் இருந்தது, மச்சான் வேண்டாம் என்றார், அதனால் தட்டவில்லை என்று சொல்லி, அதை அடித்துத் திருத்தச் செய்து, திருத்தத்தின் பக்கத்தில் கையெழுத்திட்டேன். வெளியே பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

(ஒப்பம்)
சாட்சி

என் முன்னிலையில் பதிவு செய்து, படித்துக் காட்டி, சரி என ஒப்புக்கொள்ளப்பட்டது. திருத்தம் ஒன்று, சாட்சியின் வற்புறுத்தலின் பேரில்.

(ஒப்பம்)
விசாரணை அதிகாரி