பெரியவளின் இடது காது

முகங்களை நினைவில் வைத்துக்கொள்வதில் நான் படு மோசம். முதலாளியை அவருடைய தம்பி என்று நினைத்து, அவரிடமே முதலாளியைப் பற்றிக் கால்மணி நேரம் புலம்பியவன் நான். அதற்குத் தண்டனையோ என்னவோ, பன்றிப் பண்ணையில் குட்டிகளுக்குக் காது வெட்டும் வேலையைக் கொடுத்தார்.

குட்டி பிறந்து மூன்று நாளுக்குள் இரண்டு காதோரங்களிலும் வெட்டும் இடுக்கியால் சின்னச் சின்ன வெட்டு. வலது காதைப் பார்த்தால் எந்த ஈற்றுக் குட்டி என்று தெரியும். இடது காதில், அந்த ஈற்றில் எத்தனையாவது என்பது. இரண்டு நொடி கத்திவிட்டுத் தாயிடம் ஓடிவிடும். பத்தொன்பது வருடத்தில் ஒரு குட்டிகூட மாறியதில்லை. வேறு பெருமை இல்லாத ஆள், போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிக் கழுத்தறுப்பேன்.

என் தங்கைக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். அச்சு அசல் ஒரே முகம். முந்திப் பிறந்த பெரியவளுக்கு வலிப்பு. காலையும் மாலையும் சொட்டு மருந்து தவறினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். பெரியவள் கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய சிவப்புப் பட்டை. பெற்றவளுக்கே அதைப் பார்த்தால்தான் ஆள் தெரியும்.

"இதெல்லாம் கழண்டு விழுந்துடும்மா. காதுன்னா கடைசிவரைக்கும் நிக்கும்" என்றேன். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்று மச்சான் வேலைக்குப் போயிருந்தார். குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுத் தங்கை குளிக்கப் போனாள். பட்டையில் அசிங்கம் பட்டிருந்தது. கழுவலாம் என்று வெட்டிக் கழற்றினேன். இருவரையும் துடைத்து, துணி மாற்றிப் படுக்கவைத்தேன். பிறகு என் வேலைப் பையிலிருந்த இடுக்கியை வெந்நீரில் கழுவினேன். சுத்தத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. பெரியவளின் இடது காதில் முதல் வெட்டு.

அலறல் கேட்டு ஈரத்தலையோடு ஓடிவந்தாள் தங்கை.

"அடப்பாவி, என்ன காரியம்ணா பண்ணியிருக்கே?"

"பட்டை போயிடுச்சும்மா. இனிமே மாறாது."

அறைந்தாள். மச்சான் வந்து சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். மருந்து நேரம் வந்ததும் தங்கை, நான் உட்கார்ந்திருந்த வாசலுக்கு வந்தாள். கையில் மருந்துப் புட்டி.

"காது வெட்டினது பெரியவளுக்குத்தானே? நிச்சயமா?"

"பத்தொன்பது வருஷத்துல நான் மாத்தியிருக்கேனா?"

எட்டு நாள் வெட்டுப்பட்ட காதைப் பார்த்துப் பார்த்து மருந்து ஊற்றினாள். ஒன்பதாம் நாள் காலை, வெட்டுப்படாத குழந்தை வலிப்பு வந்து செத்துப்போனது.

இன்ஸ்பெக்டர் ஐயா, வாக்குமூலத்தில் காயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுக்கியை எடுத்தபோது எது பெரியவள் என்று எனக்குத் தெரியாது. துணி மாற்றும்போதே குழம்பிவிட்டேன். குளியலறைக் கதவு நாலு எட்டுத் தூரம். "கலந்துட்டேம்மா" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் காப்பாற்றிய பெயர் போய்விடுமே என்று, கைக்கு வந்தவளை வெட்டினேன். அப்புறம் எட்டு நாளும் வாயைத் திறக்கவில்லை.

வேண்டுமானால் அந்தக் காதைப் போய்ப் பாருங்கள். வெட்டில் துளி பிசகு இருக்காது. குழந்தைதான் மாறிவிட்டது.